பொதுச் சுவருக்கு இரண்டு பக்கமும்: புழக்கடைத் தோட்டமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தாம்பரத்துக்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகும் பக்கத்தில் எங்கள் தெரு இருக்கிறது. வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் மண். அதில் 14 ஆண்டுகளாகச் செடி வளர்க்கிறேன். பூச்சிமருந்து அடிப்பதில்லை, சருகைக் கொளுத்துவதில்லை. பறவை, பூச்சி, ஓணான் எதுவானாலும் வந்து போகட்டும் என்று விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் வாசலில் செயற்கைப் புல், மற்ற இடமெல்லாம் டைல்ஸ். இதனால் இரண்டு ஆண்டு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசத் தொடங்கினோம். அதைக் கேள்விப்பட்டவர்கள் என்னிடம் கேட்டவை இங்கே இருக்கின்றன. கேட்டவர்களில் செடி வைத்திருப்பவர்களும் உண்டு, தளம் போட்டிருப்பவர்களும் உண்டு.

செடிகொடி அதிகமிருந்தால் பாம்பு வரும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பாம்பு எலிக்கும் தவளைக்கும் வரும், உடம்பை மறைத்துக்கொள்ள ஓர் இடுக்கு தேடும். இந்த இரண்டும் யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போகும். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும். அப்போது மேடாக எது கிடைத்தாலும் ஏறிவிடும்.

அப்படி ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டில் அலறல் கேட்டு ஓடினேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால், தளம் போட்டு மிச்சமான டைல்ஸை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அடுக்குக்குள் ஆறடி நீளத்தில் ஒரு சாரை. மஞ்சளும் பழுப்புமான உடம்பு, வாலில் கறுப்பு வரி, நனைந்து பளபளவென்று இருந்தது. “உங்க காட்டுல இருந்துதான் வந்திருக்கும்மா” என்றார் பக்கத்து வீட்டுக்காரர், நான் சார் என்று கூப்பிடுபவர். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. சாரைக்கு விஷமில்லை, எலி பிடித்துத் தின்னும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னோம். வந்து பிடித்துப் போனார்கள்.

இந்தப் பயத்தை நாம் அலட்சியமாகப் பேசக் கூடாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். சில சமயம் கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாது. அதனால் என் வீட்டில் பொதுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குச் செடியே கிடையாது, பெருக்கி விட்ட வெறும் மண்தான். விறகு, செங்கல், உடைந்த தொட்டி எதையும் சுவரோரம் அடுக்குவதில்லை. நடைபாதையில் இரவில் ஒரு விளக்கு எரியும். இதைச் செய்த பிறகுதான் சாரிடம் பேச எனக்கு வாய் வந்தது.

பாம்பை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் நஞ்சுமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் பொதுவானது. அதற்கு விஷம் எடுத்துத் தருபவர்கள் எங்கள் பக்கத்து மக்கள்தான்: வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றபோது, நம்ம வீட்டு ஆட்களுக்குக் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

கொசு? மாலையானால் உங்கள் செடிகளிலிருந்துதான் கிளம்புகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார்.

கொசு இலையில் ஒதுங்கும், ஆனால் முட்டையிடத் தண்ணீர் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை, தேங்கி நிற்கும் தெளிந்த நீரே போதும். ஒரு கொட்டாங்கச்சியில் நிற்கிற மழைநீரில் ஏழு, பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அது பகலில் கடிக்கும். மாலையில் கூட்டமாக வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது அழுக்குத் தண்ணீரில், அதாவது மூடாத சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுகிறது.

ஆனாலும் முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். நான் பார்த்தபோது எனக்கு எதிராகவே ஆறு இடம் கிடைத்தது: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு மூன்று, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மூடி விரிசல் விட்ட சின்டெக்ஸ், பறவைக்கு வைத்த மண்கிண்ணம். கிண்ணத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தால் நூல் துணுக்கு மாதிரி புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வருவதும் கீழே போவதும் தெரியும். தட்டுகளை எடுத்து எறிந்தேன். கிண்ணத்தைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். தேய்ப்பது முக்கியம், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லிப் பூவுக்காக வைத்திருக்கும் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். தும்பியின் குஞ்சும் அதே தொட்டியில் கொசுப்புழுவைத் தின்கிறது. கப்பியை ஏரியில் மட்டும் கொண்டுபோய் விடாதீர்கள்.

அதன்பின் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். தன் வீட்டு மாடியில் கிடந்த பழைய டயரை அவரே அன்று மாலை இறக்கிப் போட்டார்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மரத்தையே வெட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

நான் அதிகம் திட்டு வாங்கியது இதற்குத்தான், அவர்கள் திட்டியதும் நியாயம். மழை தொடங்கிய சில வாரங்களில் முருங்கைத் தண்டில் பூச்சிகள் கும்பலாக ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டையில் பழைய கம்பளித் துண்டைச் சுற்றியது போலிருக்கும். கிட்டே போனால் அந்தக் கம்பளி மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி அசையும். ஒரு ரோமம் பட்டாலும் தடித்து ஊறல் எடுக்கும். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துண்டில் ஏறி, சாருடைய பேத்தியின் கழுத்தெல்லாம் சிவந்து வீங்கிவிட்டது. அந்தப் பிள்ளை அழுத அழுகைக்கு “பல்லுயிர்” என்று பதில் சொல்ல முடியுமா?

மரத்தை வெட்ட வேண்டாம். புரட்டாசியிலேயே சுவருக்கு மேல் நீளும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். மழை விட்டதும் தினமும் இலையின் அடியைப் பாருங்கள், முட்டைக் குவியல் தெரிந்தால் அந்த இலையோடு கிள்ளி எடுங்கள். தண்டில் கும்பல் சேர்ந்துவிட்டால் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து அந்தக் கும்பல் மீது மட்டும் அடியுங்கள். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். காம்பவுண்ட் சுவரும் மின்கம்பியும் பக்கத்தில் இருக்கும் நகர வீட்டில் அதைச் செய்யாதீர்கள். ரோமம் பட்டுவிட்டால் தேய்க்காமல், செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என் முருங்கை சுவரிலிருந்து நாலடியில் இருந்தது. அதை விட்டுவிட்டு, வீட்டின் மறுபக்கம் ஒரு போத்து நட்டேன். அது காய்க்கத் தொடங்கியதும் பழையதை எடுத்தேன். அதில் எனக்கு வருத்தம்தான். செய்தது சரியென்றும் நினைக்கிறேன்.

சருகு அவர் டைல்ஸில் விழுகிறது. தினமும் பெருக்க வேண்டியிருக்கிறதாம். இதெல்லாம் ஒரு புகாரா?

புகார்தான். அவர் வீட்டில் பெருக்குவது 70 வயது அம்மா. மண் தரையில் விழுந்த இலை கண்ணுக்கே தெரியாது, வெள்ளை டைல்ஸில் ஒரு வேப்பிலை விழுந்தாலும் துருத்திக்கொண்டு தெரியும். வேம்பு மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்க்கும். அந்த ஒரு மாதம் காலையில் நானே போய்ப் பெருக்கி, ஒரு கோணியில் அள்ளி வருகிறேன். எனக்கு அது லாபம். அரையடி உயரத்துக்கு மூடாக்காகப் போட்டால் சித்திரை வெயிலில்கூடச் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் போதும். மூடாக்கைக் கிளறினால் மண்புழு இருக்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து இலையைப் புரட்டிப் புரட்டிப் போட்டு இரை பொறுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் காப்பி குடிக்கிறேன்.

எங்கள் மரக்கிளையை அவர்களே வெட்டலாமா?

எல்லையைத் தாண்டி அவர்கள் பக்கம் நீண்ட பகுதியை, உங்கள் இடத்துக்குள் வராமல் வெட்டலாம். இங்கிலாந்தில் லெம்மன் எதிர் வெப் வழக்கில் பிரபுக்கள் சபை உறுதிசெய்த கொள்கை இது. இந்திய நீதிமன்றங்களும் இதையே பின்பற்றுகின்றன. சுவரைத் தாண்டி உங்கள் பக்கத்தில் வெட்டவோ, வேரில் ஆசிட் ஊற்றவோ அவர்களுக்கு உரிமையில்லை. விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தும் நிலையில் மரம் இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அகற்றச் சொல்லலாம். நோட்டீஸ் அனுப்பும் அளவுக்குப் போய்விட்டால், நீதிமன்றத்துக்கு முன்பாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்குப் போங்கள்.

வேர் சுவரை உடைக்குமா?

ஆலும் அரசும் உடைக்கும், சந்தேகமே வேண்டாம். யாரும் நடாமலே வரும் இவை: காக்கை எச்சம் சுவர் விரிசலில் விழுந்து முளைக்கும். இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுங்கள். வேம்பு, புங்கம், பூவரசு போன்றவற்றைச் சுவரிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள்.

செயற்கைப் புல் அவர் இடம், அவர் காசு. நமக்கு என்ன?

அவர் ஏன் போட்டார் என்று முதலில் கேளுங்கள். நான் இரண்டு ஆண்டு கேட்கவே இல்லை. அவர் அம்மா மழையில் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததாம். தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பச்சை வேண்டும், விழாமல் நடக்கவும் வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் புல்லை என்னால் வெறுக்க முடியவில்லை.

ஆனாலும் அது சுவரோடு நிற்பதில்லை. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, சுமார் 40 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பாருங்கள், ஒரு சென்ட் மண்ணில் ஓர் ஆண்டில் விழும் மழை 56,000 லிட்டர். அதன் மேல் சிமென்ட் போட்டு, டைல்ஸ் பதித்து, புல் விரித்தால் அத்தனையும் தெருவுக்கு ஓடும், அல்லது தாழ்வாக இருக்கிற பக்கத்து வீட்டுக்கு வரும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 2019 ஜூனில் அதே தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். குழாயும் குழியும் பெயருக்கு இருந்து, சுற்றிலும் ஓரங்குல மண்கூடத் திறந்திராத வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது சூடு. இந்தப் புல் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் இழை. நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சித்திரை மதியத்தில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. இழைகள் வெயிலில் நைந்து பொடியாகி மழைநீர்க் கால்வாய்க்குப் போகின்றன. செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம், 2022-ல் தன் கண்காட்சிகளில் செயற்கைப் புல்லையே அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது.

அதற்குப் பராமரிப்பே வேண்டாமாமே?

வேண்டும். சாலைப் புழுதி இழைகளுக்குள் இறங்கி மண்ணாகி அதில் புல்பூண்டு முளைக்கும். காக்கை எச்சத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாய் வளர்த்தால் மூத்திர வாடை வெயிலில் வீட்டுக்குள் வரை வரும். பத்து ஆண்டுபோல ஆனதும் உரித்துக் குப்பையில்தான் போட வேண்டும். இழையும் அடித்தாளும் பசையும் ஒட்டிக்கிடப்பதால் மறுசுழற்சி எளிதில்லை.

தேன்கூடு கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டார் கொளுத்தச் சொல்கிறார்கள்.

எந்தத் தேனீ என்று பாருங்கள். புதர்க் கிளையில் உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. சில மாதத்தில் தானே இடம் மாறும். சுவர்ப் பொந்தில் மெழுகுக் குழாய் மாதிரி சின்ன வாசல் வைத்திருப்பது கொசுத்தேனீ. அதற்குக் கொடுக்கே இல்லை, அவர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள். சன்ஷேடின் அடியில் முறம் அளவு பெரிய அடை தொங்கினால் அது மலைத்தேனீ. அதில் பிடிவாதம் வேண்டாம். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கூடு எடுக்கத் தெரிந்தவர்களை அழைத்து, இரவில் எடுக்கச் சொல்லுங்கள். கொளுத்த வேண்டாம்.

குடியிருப்போர் சங்கம் “ஒரே மாதிரி புல்தரை” என்று தீர்மானம் போட்டால்?

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கொலம்பியாவில் இப்படி நடந்தது. ஒரு தம்பதி மருந்தடிக்காமல், அந்த மண்ணுக்குரிய செடிகளை வீட்டு முன்னால் வளர்த்தார்கள். பக்கத்து வீட்டார் புகார் செய்ய, 2017-ல் சங்கம் செடிகளை எடுத்துவிட்டுப் புல் போடச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். சமரசத்தில் முடிந்து தோட்டம் பெரும்பாலும் தப்பியது. அதன் தொடர்ச்சியாக 2021-ல், இப்படிப்பட்ட தோட்டங்களைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று மேரிலாந்தில் சட்டமே வந்தது. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், கூட்டத்தில் எடுத்துச் சொல்ல நல்ல உதாரணம். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்துப் பேசினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

“சார், என் தோட்டத்தில் உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவு? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டேன். பாம்பு, கொசு என்று தொடங்குவார் என்றிருந்தேன். “கேட்டைத் திறந்தா முகத்துல கொடி இடிக்குதும்மா” என்றார். அரை மணி நேர வேலை, அன்றே வெட்டிவிட்டேன். அடுத்த வாரம் அவரே வந்து, செடியில் இலையைத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்த தையல்சிட்டைக் காட்டி, அது என்ன குருவி என்று கேட்டார்.

தோட்டம் வேண்டுமென்றே வைத்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும். ஓரத்தில் வரிசையாகச் செங்கல், நடக்க ஒரு பாதை, தெருப்பக்கம் ஒரு நந்தியாவட்டையோ செம்பருத்தியோ அழகாகக் கவாத்து செய்து விடுங்கள். உள்ளே எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

எதிலெல்லாம் நீங்கள் பக்கத்து வீட்டார் பக்கம்?

பார்த்தீனியம். தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும், பூக்கும் முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். உண்ணிச்செடி, வண்ணத்துப்பூச்சி வருகிறது என்பதற்காக அதை வைக்காதீர்கள், காட்டையே மூடிவிட்ட செடி அது. மழைக்கு ஏறி வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையுறையோடு பொறுக்கி உப்புக் கரைசலில் போடுங்கள். மிச்சச் சோறும் மீன் முள்ளும் திறந்த குழியில் கொட்டினால் எலி வரும். உரத்தொட்டிக்கு மூடி கட்டாயம்.

சிமென்ட் தளம் போட்ட வீட்டை வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் உடைக்க வசதியில்லை. எங்கே தொடங்குவது?

இரண்டடி அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை போதும். கூரைத் தண்ணீர் இறங்கும் பக்கத்தில், அஸ்திவாரத்திலிருந்து தள்ளி, தளத்தை அறுத்து எடுங்கள். அடியில் ஜல்லியும் சுண்ணாம்புக் கட்டியுமாக இருக்கும். ஒன்றரை அடி ஆழம் தோண்டிக் களைந்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்புங்கள். ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, ஓர் அரளி வையுங்கள், எருக்கு தானாக முளைத்தால் ஒன்றை விட்டுவையுங்கள். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும், வெந்தய வரியன் எருக்கில் முட்டையிடும். எருக்கம் பாலும் அரளியும் விஷம், சின்னப் பிள்ளை இருந்தால் அந்த இரண்டும் வேண்டாம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழுவைப் பார்த்து மருந்தடித்துவிடாதீர்கள். கொஞ்ச நாளில் பச்சையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டும், எலுமிச்சை நாற்றம் அடிக்கும். சாருடைய பேத்தி இதைப் பார்க்கத்தான் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறாள். புரட்டாசியில் நடுங்கள், மழை பார்த்துக்கொள்ளும்.